வைகாசியில் பிறக்க வேண்டிய பிள்ளை

எங்கள் ஊரில் பிள்ளைத்தாச்சியின் சரியான தேதியை வெளியாட்களுக்குச் சொல்ல மாட்டார்கள். டாக்டர் குறித்துக் கொடுத்தது ஒன்று இருக்கும். கேட்பவர்களுக்குச் சொல்ல இன்னொன்று இருக்கும். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று பழகிய ஜனங்கள். எதிர்வீட்டுக்காரியிடம் பதினைந்து நாள் கூட்டிச் சொல்வதால் யாருக்கும் நட்டமில்லை. அவளும் இந்த ஊர்க்காரிதானே, மனதுக்குள் பதினைந்து நாளைக் கழித்துக்கொண்டுதான் கேட்பாள்.

ஆனால் பாண்டிச்செல்வி பொய் சொன்னது எதிர்வீட்டுக்காரியிடம் அல்ல, வழித்துணையிடம். அதற்குக் கழிக்கத் தெரியாது.

மதுரையின் தெருக்களைத் திறப்பதும் மூடுவதும் இப்போது வழித்துணை என்கிற அந்த இயந்திரம்தான். மற்ற நாட்களில் பஸ்ஸுக்கும் பைக்குக்கும் பஞ்சாயத்து பண்ணுவதோடு அதன் வேலை சரி. சித்திரைத் திருவிழா வந்துவிட்டால் ஊரே அதன் ராஜ்ஜியம். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் வைகையின் இரு கரையும் பாலங்களும் வண்டிகளுக்கு மூடப்படும். வருகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு கையணி மாட்டப்படும். தரையெங்கும் வெளிச்சத்தால் வரைந்த கட்டங்கள், ஆளுக்கொரு கட்டம். கையணி பச்சையானால் அடுத்த கட்டத்துக்கு நகரலாம். சிவப்பானால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். ஏன் என்று அது சொல்லாது. இந்த ஏற்பாடு வந்த பிறகு நெரிசலில் ஓர் உயிர்கூடப் போகவில்லை என்பதால், ஏன் என்று கேட்பதே நன்றி கெட்ட வேலையாகத் தோன்றியது.

திருவிழா வாரத்தில் பிரசவம் எதிர்பார்க்கும் பெண்களை முன்கூட்டியே வடகரைக்கு அழைத்துப்போய், மகப்பேறு மருத்துவமனையை ஒட்டிய விடுதியில் தங்கவைப்பதும் அதன் பொறுப்புதான். அதற்காக வீட்டுக்கு வீடு போன் போட்டுத் தேதி கேட்கும். ஆஸ்பத்திரிக் கோப்புகளைத் திறந்து பார்க்க அதற்கு அனுமதி கிடையாது. உடம்பின் ரகசியம் அவரவருக்கே சொந்தம் என்று சட்டம் இருக்கிறது. ஆகவே வீட்டார் வாயால் சொல்வதுதான் அதற்கு வேதம்.

பாண்டிச்செல்வியின் மருமகள் யாழிசைக்கு டாக்டர் சொன்னது சித்திரைக் கடைசி. சித்திரையில் பிள்ளை பிறந்தால் அப்பன் தெருவிலே என்று ஒரு சொலவடை உண்டல்லவா? படித்தவர்கள் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். பாண்டிச்செல்விக்குச் சிரிப்பு வராது. அவளே சித்திரையில் பிறந்தவள். அவள் பிறந்த வருடம் அவளுடைய அப்பாவுக்கு வேலை போயிற்று. அதற்கும் தொட்டிலில் கிடந்த குழந்தைக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. பாதகத்தி, சித்திரையில் வந்தவள் என்கிற பேச்சைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தாள். தன் பேரப்பிள்ளைக்கும் அந்தப் பேர் வரக்கூடாது என்று அவள் நினைத்ததில் என்னால் குற்றம் காண முடியவில்லை.

“பிரசவம் எதிர்பார்க்கும் தேதியைச் சொல்லுங்கள்” என்றது வழித்துணை.

“வைகாசி இருபதும்மா” என்றாள் பாண்டிச்செல்வி. வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அப்படியே நடந்துவிடும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை.

வளைகாப்பு முடிந்து யாழிசை தாய்வீட்டுக்குப் போனாள். தென்கரையில், ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்துச் சந்தில் அவளுடைய அம்மா விமலாவின் வீடு. முகவரி மாறியதும் வழித்துணை அங்கேயும் போன் போட்டது. பதிவான தேதியில் மாற்றம் உண்டா என்று கேட்டது. டாக்டர் சொன்ன தேதிதான் அதனிடம் இருக்கிறது என்று விமலா நினைத்துக்கொண்டாள்.

“ஒரு பதினஞ்சு நாளு தள்ளிப் போட்டுக்க தாயி” என்றாள். அதுவும் தள்ளிப் போட்டுக்கொண்டது.

அழகர் ஆற்றில் இறங்கும் நாள் வந்தது. சாமியையும் பார்த்த மாதிரி, மருமகளையும் பார்த்த மாதிரி என்று பாண்டிச்செல்வியும் மகன் ஆதவனும் முதல் நாளே விமலா வீட்டுக்கு வந்துவிட்டார்கள். காலையில் வெயில் ஏறத் தொடங்கிய நேரத்தில் யாழிசைக்கு வலி வந்தது. வந்த வேகத்தைப் பார்த்தால் வைகாசிவரை காத்திருக்கும் உத்தேசம் அதற்கு இல்லை.

ஆதவன் வழித்துணையை அழைத்தான்.

“யாழிசை, எட்டாவது மாதம். குறைமாத வலி” என்றது அது, மிகவும் மரியாதையாக. “தெருமுனைத் துணை மையத்துக்கு அழைத்து வாருங்கள். வலியை நிறுத்தும் ஊசி போடுவார்கள்.”

“எட்டா? இது பத்தாவது மாசங்க. புள்ள குறுக்க கெடக்குன்னு டாக்டர் சொல்லிருக்காங்க. ஆபரேசன்தான் பண்ணணும். வடகரைக்குப் போயே ஆகணும்.”

“பதிவில் அப்படி இல்லை. எதிர்பார்க்கும் தேதி ஆனி நான்கு.”

ஆதவன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். 

“நான் வைகாசின்னுதானடா சொன்னேன்! ஆனி எங்கிட்டிருந்து வந்துச்சு?”

“மதினி” என்றாள் விமலா மெதுவாக. “நீங்களும் தள்ளிச் சொன்னீகளா?”

கட்டிலில் கிடந்த யாழிசை பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். “நல்லா இருக்கு. ரெண்டு பேரும் சேந்து என்னைய ஆனி வரைக்கும் சுமக்க விட்டீகளாக்கும்” என்றாள். அடுத்த வலி வந்து அவள் பேச்சை நிறுத்தியது.

பாண்டிச்செல்வி மகன் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். “யம்மா, நான் பொய் சொல்லிட்டேன். இவுகளும் தெரியாமத் தள்ளிச் சொல்லிட்டாக. என் மருமகளுக்கு இது நெற மாசம். பாலத்தத் தொறந்து விடும்மா.”

“வலி தொடங்கிய பிறகு தேதியைத் திருத்துபவர்களில் பெரும்பாலோர் பாலத்தைக் கடப்பதற்காகவே திருத்துகிறார்கள். வயிற்றில் தலையணை கட்டி வந்தவர்களும் உண்டு. திருத்தம் ஏற்கப்படவில்லை.”

“சாமி சத்தியமா நெசந்தாம்மா!”

“முதலில் வைகாசி என்றபோதும் இதே உறுதியோடுதான் சொன்னீர்கள்.”

இயந்திரத்தின் மேல் கோபப்பட்டுப் பயனில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சாமியை நன்றாகப் பார்க்க வேண்டும், சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும் என்று வருடா வருடம் எத்தனை பேர் அதனிடம் புளுகியிருப்போம்? சந்தேகப்படுவதற்கு நாம்தான் அதைப் பழக்கினோம்.

மனிதரிடம் பேச வேண்டும் என்று ஆதவன் கத்தினான். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் குரல் வந்தது. கட்டுப்பாட்டு அறையில் அன்று பொறுப்பில் இருந்தவள், பெயர் ஜெரினா. நடந்ததை எல்லாம் கேட்டாள். கடைசியில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“ரெண்டு வீட்லயும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாமத் தள்ளுனீகளா?”

“ஆமாத்தா” என்றாள் பாண்டிச்செல்வி, அழுதுகொண்டே.

“எனக்கு எங்க மாமி ஒரு மாசம் தள்ளிச் சொன்னாக. நான் நம்புறேன். இப்படி ஒரு பொய்ய யாரும் யோசிச்சுச் சொல்ல முடியாது. இருங்க, என்ன பண்ணலாம்னு பாக்குறேன்.”

தன் பொறுப்பில் பாலத்தைத் திறக்க ஜெரினாவுக்கு அதிகாரம் இருந்தது. ஆனால் திறப்பதற்கு முன் வழித்துணை அதன் விலையைச் சொல்லிவிடும். அதுதான் விதி.

“தொறந்தா என்ன ஆகும்?” என்று கேட்டாள்.

“பாலத்தில் ஆறாயிரம் பேர் நிற்கிறார்கள். ஆம்புலன்ஸ் போகுமளவுக்கு அவர்களை ஒரே நேரத்தில் ஒதுக்க வேண்டும். கைப்பிடிச் சுவரோரம் நிற்பவர்களில் பத்துப் பேர்வரை மிதிபடலாம். அவர்களில் சிலர் இறக்கலாம். யார் யார் என்றும் என்னால் ஓரளவு சொல்ல முடியும்.”

“சொல்லாத” என்றாள் ஜெரினா.

திரையில் பாலம் தெரிந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு தலை. யாரென்று தெரிந்தால் பேர் சொல்லிக் கூப்பிடத் தோன்றும் தலைகள். யாழிசைக்காக அந்தப் பத்தில் ஒரு தலையைப் பலி கொடுக்கத் தனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று அவளுக்கு விளங்கவில்லை. அப்போது பாலத்தின் நடுவில் ஏதோ பளபளத்தது. மோர்ப் பந்தலிலிருந்து ஓர் அண்டா, கை மாறிக் கை மாறிக் கூட்டத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. யாரும் கட்டத்தை விட்டு இறங்கவில்லை. அண்டா மட்டும் நகர்ந்தது.

“அந்த அண்டாவுக்கு நீ ஒண்ணும் சொல்லலையா?”

“பொருள்களுக்குத் தடை இல்லை. ஆட்கள் இடம் மாறாதவரை நெரிசல் ஏற்படாது.”

“எவ்வளவு எடை வரைக்கும்?”

“எடைக்கு வரம்பு குறிப்பிடப்படவில்லை.”

“அப்ப ஒரு சேரு, அதுல ஒரு ஆளு?”

வழித்துணை கணக்குப் போட்டுப் பார்த்தது. “முடியும். ஆனால் ஆறாயிரம் பேரும் ஒத்துழைக்க வேண்டும். என் உத்தரவால் அது நடக்காது. அவர்களுக்குக் காரணம் தெரிய வேண்டும். காரணம் சொன்னால் மக்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று என்னிடம் தகவல் இல்லை. நான் இதுவரை காரணம் சொன்னதில்லை.”

“நான் சொல்றேன்” என்று ஜெரினா ஒலிபெருக்கியைத் திறந்தாள்.

“பாலத்துல நிக்கிற அண்ணே, அக்கா, எல்லாரும் கேளுங்க. தென்கரையில ஒரு புள்ளத்தாச்சி வலி எடுத்துக் கெடக்கா. வயித்துல புள்ள குறுக்க கெடக்கு. வடகரைக்கு வந்தாத்தான் ரெண்டு உசுரும் பொழைக்கும். வண்டி வர வழியில்ல. அவள ஒரு சேர்ல உக்கார வச்சு ஒங்க கையில குடுக்கப் போறோம். நடு ரெண்டு வரிசையில நிக்கிறவங்க கட்டத்த விட்டு எறங்காதீங்க. ஒருத்தருக்கொருத்தர் எதுத்தாப்ல திரும்பி நின்னு, அந்த மோர் அண்டாவக் கடத்துனீங்கல்ல, அந்த மாதிரிக் கடத்துங்க. ஒங்க வீட்டுப் புள்ளையா நெனச்சுக்குங்க.”

விமலா வீட்டில் கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று இருந்தது. இத்தனை ஆயிரம் கண்ணும் படுமே என்று பாண்டிச்செல்விக்கு வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். ஆதவனின் வேட்டி ஒன்றைக் கிழித்து, மருமகளை வயிற்றில் படாமல் நாற்காலியோடு சேர்த்துக் கட்டினாள். ஆதவனும் பக்கத்து வீட்டுக்காரர்களும் பாலத்து முனைவரை தூக்கிப் போனார்கள். அதற்கு மேல் கட்டங்கள் தொடங்கின. ஆதவனின் கையணி சிவப்பாகிவிட்டது. கூடப் போக முடியாது. பழமொழி அன்று காலையில் அவ்வளவு நேராகப் பலித்திருக்க வேண்டாம். அப்பன் தெருவிலேயே நின்றான்.

யாழிசை தனியாகப் போனாள்.

மார்பளவு உயரத்தில், இரண்டு வரிசைக்கு நடுவில், நாற்காலி போய்க்கொண்டிருந்தது. முகங்கள் வந்துகொண்டே இருந்தன. ஒரு முகத்தை அவள் பார்த்து முடிப்பதற்குள் அடுத்த முகம். “மூச்ச நல்லா விடுத்தா” என்றது ஒன்று. “அசையாமப் பிடிங்கப்பா, எளந்தாரிப் பயலுகளா, அவசரப்படாதீங்க” என்றது இன்னொன்று. ஒரு பெண் தன் முந்தானையால் அவள் நெற்றியைத் துடைத்துவிட்டு அடுத்த கையில் கொடுத்தாள். சாமிக்குத் தண்ணீர் பீய்ச்ச வேஷம் கட்டி வந்தவர்கள் தோல்பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினார்கள். வலி வந்தபோது அவள் கத்தினாள். அவள் கத்தும்போது நாற்காலி அந்தக் கைகளிலேயே நின்றது. வலி தணிந்ததும் மறுபடி நகர்ந்தது. யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அவளுக்குப் பயம் போய்விட்டது. அழுகை மட்டும் நிற்காமல் வந்தது.

வடகரை முனையில் மருத்துவமனைக்காரர்கள் படுக்கையோடு காத்திருந்தார்கள். வெயில் உச்சிக்கு வருவதற்குள் பெண் குழந்தை பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் நலம். பாலத்தில் ஒருவருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை. அன்று அழகரைப் பார்த்த கதையை யாரும் சொல்லவில்லை, நாற்காலியைத் தொட்ட கதையைத்தான் சொன்னார்கள். பேத்திக்குச் சித்திரை என்றே பெயர் வைக்கச் சொன்னது பாண்டிச்செல்விதான்.

அடுத்த வருடத் திருவிழா வந்தது. நான்கு பேரும் அதே பாலத்தில் நின்றார்கள். விமலாவுக்கு மூட்டுவலி, வீட்டிலேயே இருந்துவிட்டாள். குழந்தை ஆதவன் தோளில் இருந்தது.

“தயவுசெய்து வழி விடுங்கள். ஒரு கர்ப்பிணி வருகிறார்” என்றது வழித்துணை.

பாலமே சட்டென்று திரும்பியது. கைகள் உயர்ந்தன. கையணிகள் பச்சையானதும், எல்லோரும் சிரித்த முகத்தோடு இரண்டு மூன்று கட்டம் ஒதுங்கிக் கொடுத்தார்கள். யாழிசையும் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். நாற்காலி வரவில்லை. வேறு பக்கமாகப் போயிருக்கும் என்றார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதே அறிவிப்பு. மறுபடியும் கைகள். மறுபடியும் ஒதுங்கினார்கள். நாற்காலி வரவில்லை.

யாழிசைக்குச் சந்தேகம் தட்டியது. குழந்தையைப் பார்க்க வந்து போய் ஜெரினா இப்போது பழக்கம். அவளுக்குப் போன் போட்டாள்.

“அக்கா, யாருக்கா வர்றது? ஒருத்தரையும் காணோம்.”

“யாரும் வரல யாழு” என்றாள் ஜெரினா. “அது தானாக் கத்துக்கிருச்சு. போன வருசம் நான் காரணம் சொன்னேன்ல, அதப் பாத்துட்டு மத்த கூட்டத்துலயெல்லாம் ஒவ்வொரு காரணமாச் சொல்லிப் பாத்திருக்கு. அமைச்சர் வர்றார்னா ஜனங்க மொறைக்கிறாங்க. ஆபத்துன்னா ஓடுறாங்க. புள்ளத்தாச்சி வர்றான்னா மட்டும் ஒருத்தர ஒருத்தர் இடிக்காம ஒதுங்குறாங்களாம். அதனால கூட்டத்தக் கலைக்கணும்னா இதையே சொல்லுது.”

“பொய்யில்லையாக்கா இது?”

“மேல போய்ச் சொன்னேன். அடிபடுறவங்க பாதியாக் கொறஞ்சிருக்கு, இதுல பொய் என்னம்மா, மெய் என்னம்மான்னுட்டாங்க.”

யாழிசை ஆதவனின் தோளைப் பார்த்தாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. இத்தனை கூட்டத்தில் ஒரு முழங்கைகூட அதன்மேல் படவில்லை. அந்தப் பொய் காப்பாற்றுகிறவர்களில் அவள் மகளும் ஒருத்தி. யாழிசை போனை வைத்துவிட்டாள்.

மூன்றாவது தடவை அறிவிப்பு வந்தபோது பாதிப் பேர்தான் திரும்பினார்கள். நான்காவது தடவை சிரிப்புச் சத்தம் கேட்டது.

ஐந்தாவது அறிவிப்பில் குரல் வேறாக இருந்தது.

“அண்ணே, அக்கா, கேளுங்க. இது மிஷின் இல்ல, ஆளு பேசுறேன். தென்கரை முனையில ஒரு புள்ள ரத்தப் போக்கோட சேர்ல உக்காந்திருக்கா. முன்னாடி சொன்னத மறந்துருங்க. இது நெசம். திரும்பி நில்லுங்க, கையக் குடுங்க.”

“ஆத்தி, இப்ப மதுரைப் பேச்சும் பேசுதுப்பா” என்றான் முன்கட்டத்தில் நின்றவன். நெற்றியில் நாமம், தோளில் தண்ணீர்ப் பை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். யாரும் திரும்பவில்லை.

“அண்ணே, அது ஜெரினாக்கா குரலு. எனக்குத் தெரியும்” என்றாள் யாழிசை.

“அடப் போம்மா. காலையிலருந்து எத்தனை புள்ளத்தாச்சி.”

பாண்டிச்செல்வி தன் கட்டத்தை விட்டு இறங்கினாள். கையணி சிவந்து அதிர்ந்தது. அதைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு அவன் எதிரில் போய் நின்றாள்.

“தம்பி, திரும்பி நில்லு. இது நெசம்.”

“ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

“போன வருசம் சேர்ல போனவ என் மருமக. தேதியப் பொய்யாச் சொல்லி அவளச் சாகக் குடுக்கப் பாத்தவ நான். அன்னைக்கி நெசத்தச் சொல்லி அழுதேன், அந்த மிஷின் நம்பல. நீயும் மிஷினா இருக்காதப்பா.”

அவன் அவளைப் பார்த்தான். அவளுக்குப் பின்னால் நின்ற யாழிசையைப் பார்த்தான். தண்ணீர்ப் பையைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்துவிட்டு, பக்கவாட்டில் திரும்பிக் கைகளை நீட்டினான்.

அவனுக்கு அடுத்து நின்றவன் இன்னும் திரும்பவில்லை. பாண்டிச்செல்வி அவனிடம் போனாள்.